வீட்டு மின்வேலைக்குத் தகுதியான ஆள்

எரியாத பல்பை மாற்றவும், பழுதான சுவிட்சைக் கழற்றி அதே அளவில் வேறொன்றைப் பொருத்தவும் உரிமம் தேவையில்லை. ஆனால், அதே சுவரில் புதிதாக ஒரு பவர் பாயின்ட் இழுக்க உரிமம் தேவை. மின்சாரச் சட்டம் 2003-இன் கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010-இல் வெளியிட்டு, 2023-இல் புதுப்பித்த பாதுகாப்பு விதிமுறைகள் இந்த எல்லையை வகுக்கின்றன. விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றை, மின்னமைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றிக்கொள்ளலாம். புதிய வயரிங், கூடுதல் இணைப்பு, மாற்றியமைத்தல், பழுதுநீக்கல் என்று அதற்கு மேற்பட்ட எதையும் மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் ஏற்றுச் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்ற ஒருவர் நேரில் மேற்பார்வையிட வேண்டும். வேலை செய்பவரிடமும் அதற்குரிய சான்று இருக்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலும் இதே ஏற்பாடு இருந்தது.

நடைமுறையில் பெரும்பாலான வீடுகளில் ஆள் தேர்வு வேறு விதமாக நடக்கிறது. கொத்தனார் அழைத்து வருபவர், ஹார்டுவேர் கடைக்காரர் கைகாட்டுபவர், பக்கத்து வீட்டில் வேலை பார்த்தவர் என்று யாரோ ஒருவர் வருகிறார். அவர் திறமைசாலியாகவும் இருக்கலாம். ஆனால் அவர் செய்த வேலை சரியா என்பதை வீட்டுக்காரர் கண்ணால் பார்த்து அறிய முடியாது என்பதே மின்வேலையின் சிக்கல். குழாய் வேலையில் தவறு நேர்ந்தால் தண்ணீர் ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். எர்த் வயர் எங்கோ அறுந்திருந்தாலும் விளக்கு எரியும். பேஸ் வயரில் இருக்க வேண்டிய சுவிட்ச் நியூட்ரலில் இருந்தாலும் மின்விசிறி சுற்றும். அணைத்த பிறகும் உள்ளே 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். ஏசிக்கு மெல்லிய வயர் இழுத்திருந்தாலும் அறை குளிரும். சுவருக்குள் வயரின் உறை ஒவ்வொரு கோடையிலும் சிறிது சிறிதாக வெந்துகொண்டிருக்கும். இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக்கால அறிக்கைகள் பதிவு செய்கின்றன. அறுந்து விழும் மின்கம்பிகள், வயல் மோட்டார்கள் ஆகியவற்றோடு வீட்டுக்குள் நிகழும் விபத்துகளும் இந்தக் கணக்கில் சேரும். எனவே எலெக்ட்ரீஷியனின் தகுதி என்பது கைவேகத்தை மட்டும் குறிப்பதில்லை. செய்த வேலையைக் கருவியால் அளந்து காட்டவும், அதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடவும் உரிமை பெற்றிருப்பதே தகுதி.

சான்றுகளின் படிநிலை

தமிழ்நாட்டில் இந்த உரிமங்களைச் சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம் அளிக்கிறது. மின்கம்பியாள் உதவியாளர் சான்று, மின்கம்பியாள் சான்று, மேற்பார்வையாளர் சான்று என்று தனிநபர்களுக்கான சான்றுகள் மூன்று படிகளில் உள்ளன. தொழில் வட்டாரத்தில் இவற்றை முறையே எச், பி, சி லைசென்ஸ் என்பார்கள். மின்வேலையை ஒப்பந்தமாக எடுத்துச் செய்யும் நிறுவனத்துக்கோ நபருக்கோ தரப்படும் ஒப்பந்ததாரர் உரிமம் இவற்றிலிருந்து வேறானது. கையாளும் மின்னழுத்தத்துக்கு ஏற்ப அதில் தரங்கள் உண்டு. சாதாரண வீட்டு வேலைக்குத் தாழ்வழுத்தத் தரம் போதும்.

தொழிலைப் பட்டறிவால் கற்றவர்களுக்கும் இதில் வழி இருக்கிறது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் நடைபெறும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை, வயரிங் தொழிலில் ஐந்தாண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் உள்ள, 21 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.) எலெக்ட்ரீஷியன் அல்லது ஒயர்மேன் பிரிவில் இரண்டாண்டு படித்து, தேசியத் தொழிற்சான்று பெற்று வருவது இன்னொரு வழி. மேற்பார்வையாளர் சான்றுக்குப் பொதுவாக மின்பொறியியலில் டிப்ளமோ அல்லது பட்டமும் அனுபவமும் வேண்டும்.

வீட்டுக்காரர் நினைவில் வைக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ஐ.டி.ஐ. சான்று என்பது படித்ததற்கான சான்று. உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றோ வேலை செய்ய அனுமதி. முன்னது இருப்பதாலேயே பின்னது இருப்பதாகக் கொள்ள முடியாது. வாரியச் சான்றில் புகைப்படம், சான்று எண், செல்லுபடியாகும் காலம் ஆகியவை இருக்கும். அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேலைக்கு வருபவரிடம் அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வேறொருவர் பெயரில் உள்ள உரிமத்தின் நகலைக் காட்டி, “அவர் நம்ம ஆள்தான், கையெழுத்து வாங்கிடலாம்” என்று சொல்பவரிடம் கவனம் தேவை. அந்தக் கையெழுத்துக்கு உரியவர் வேலை நடக்கும் இடத்துக்கு எத்தனை முறை வருவார், முடிவில் சோதனையைத் தாமே செய்வாரா என்ற இரண்டு கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்க வேண்டும். கையெழுத்தை ஒருவரிடமும் வேலையை இன்னொருவரிடமும் வாங்கினால், பின்னால் கோளாறு வரும்போது இருவரில் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

சான்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது அவர் கொண்டுவரும் கருவிகள். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரும் கட்டிங் பிளேயரும் மட்டுமே வைத்திருப்பவரால் வயரிங் வேலையை முழுமையாகச் சோதிக்க முடியாது. பக்கத்து வயரின் தூண்டலாலும் டெஸ்டர் விளக்கு மினுங்கும். நியூட்ரல் அறுந்திருப்பதையோ எர்த் இல்லாததையோ அது காட்டாது. மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், வயர் உறையின் காப்புத்திறனை அளக்கும் மெக்கர் ஆகிய மூன்றும் அவரிடம் இருக்க வேண்டும். சொந்தமாக இல்லையென்றால் சோதனை நாளில் கொண்டுவரவாவது அவரால் முடிய வேண்டும்.

முதலில் சுமைக் கணக்கு

தகுதியான எலெக்ட்ரீஷியன் விலை சொல்வதற்கு முன் வீட்டில் என்னென்ன சாதனங்கள் ஓடப்போகின்றன என்று கேட்பார். ஒன்றரை டன் ஏசி இரண்டு, ஒன்றுக்கு 1.7 கிலோவாட் வீதம் 3.4, கீசர் 2, இண்டக்‌ஷன் அடுப்பு 2, இஸ்திரிப் பெட்டி 1, மிக்ஸி 0.75, ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் 0.75, ஃப்ரிட்ஜ் 0.2, விளக்கும் மின்விசிறியும் 0.5. இத்தனையும் கூடினால் 10.6 கிலோவாட். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 230 வோல்ட் ஒற்றை முனை இணைப்பில் சுமார் 46 ஆம்பியர் இழுக்கும். எல்லாம் ஒருசேர ஓடுவது அரிது என்பதால், எவ்வளவு தள்ளுபடி தரலாம் என்று கணிப்பதும் எலெக்ட்ரீஷியனின் வேலை. மீட்டரிலிருந்து வரும் மெயின் வயரின் தடிமனும், ஒற்றை முனையா மும்முனையா என்ற முடிவும் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன.

கணக்கில் வந்த சுமை, மின்வாரியம் அந்த இணைப்புக்கு ஒப்புதல் அளித்த சுமையைவிட அதிகமாக இருந்தால், கூடுதல் சுமைக்கு வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். மின்கம்பத்திலிருந்து மீட்டர் வரையிலான பகுதி மின்வாரியத்தின் கையில் இருக்கிறது. அந்தப் பகுதியில் கைவைக்கவோ, மீட்டரின் முத்திரையை உடைக்கவோ தனியார் எலெக்ட்ரீஷியனுக்கு உரிமை இல்லை. மீட்டருக்குப் பின்னால் உள்ள வயரிங், எர்த், பாதுகாப்புச் சாதனங்கள் ஆகியவை வீட்டுக்காரரின் பொறுப்பு. “மீட்டர்லயே நேரா எடுத்துக்கலாம்” என்று யோசனை சொல்பவரை அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

மின்சார ஸ்கூட்டரும் காரும் வந்தபின் சுமைக் கணக்கில் புதிய வரி சேர்ந்திருக்கிறது. கீசர் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும். கார் சார்ஜர் இரவு முழுவதும் ஓடும். சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் செருகும் சார்ஜர் ஏறத்தாழ 3 கிலோவாட் இழுக்கும்; சுவரில் பொருத்தும் 7.4 கிலோவாட் சார்ஜருக்கு 32 ஆம்பியர் வேண்டும். இடைவிடாத இத்தகைய சுமையில் தளர்வான ஒரு திருகுகூடச் சூடேறிக் கருகும். அதனால் அதற்கு, மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்தளிக்கும் டிபி பாக்ஸிலிருந்து நேரே தனி வயரும், சுமை மீறினால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்ச் தனியாக ஒன்றும் தேவை.

எந்தச் சுவரில் எத்தனை பாயின்ட் என்பதை வீட்டின் வரைபடத்திலேயே குறித்துக்கொள்வது அடுத்த படி. படுக்கையின் இருபுறமும் பிளக், மாடிப்படியின் மேலும் கீழும் டூ-வே சுவிட்ச், சமையல் மேடையில் மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன் மூன்றுக்கும் தனித்தனிப் பிளக் என்று முன்கூட்டியே திட்டமிட்ட வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்காது. கூரைக்குள் செல்லும் குழாய்களைக் கான்கிரீட் போடும் முன்பே கம்பிக்கட்டின் மேல் பதித்தாக வேண்டும் என்பதால், எலெக்ட்ரீஷியனைக் கட்டடம் பூசும் கட்டத்தில் தேடினால் காலம் கடந்துவிடும்.

வயர், எம்.சி.பி., எர்த், ஆர்.சி.சி.பி.

பொருளை யார் வாங்குவது என்பது பேச்சின் தொடக்கத்திலேயே முடிவாக வேண்டும். சில வயர்ச் சுருள்களின் பெட்டிக்குள் எலெக்ட்ரீஷியனுக்கான கூப்பன் இருக்கும்; சில கடைகளில் தரகும் உண்டு. அதனால் அவர் பரிந்துரைக்கும் பொருள் தரமற்றது என்று ஆகிவிடாது. ஆனால் அளவையும் தரத்தையும் எலெக்ட்ரீஷியன் எழுதிக் கொடுக்க, பில்லோடு வீட்டுக்காரரே வாங்குவது சச்சரவைக் குறைக்கும். வயர், சுவிட்ச், பிளக், எம்.சி.பி. ஆகியவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் கீழ் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணை இட்டால், அது யாருடைய உரிமம், நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். வயருக்கு உரிய தரநிலை ஐ.எஸ். 694. ஒரு சுருளின் வழக்கமான நீளம் 90 மீட்டர்.

வயரின் தடிமன் சதுர மில்லிமீட்டரில் சொல்லப்படுகிறது. விளக்கு, மின்விசிறிக்கு 1 அல்லது 1.5, பிளக்குகளுக்கு 2.5, ஏசி, கீசர் போன்றவற்றுக்கு 4, மெயினுக்குச் சுமையைப் பொறுத்து 6 அல்லது 10 என்பது வீடுகளில் பரவலான வழக்கம். செம்பு வயர்தான் வேண்டும். நிறங்களில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். கையில் இருக்கும் நிறத்தை எடுத்து இழுத்துவிடுவது, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பழுதுபார்க்க வரும் இன்னொருவரின் உயிருக்கு உலை.

எம்.சி.பி. பாதுகாப்பது வயரை. சாதனத்தையும் மனிதரையும் அது காக்கும் என்று நினைப்பது பரவலான தவறு. 1.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால், சுமை மீறும்போது அது விழுந்து வயரைக் காப்பாற்றும். அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி 32 ஆம்பியர் போட்டால் எம்.சி.பி. விழாது, வயர்தான் எரியும். எம்.சி.பி. விழுந்தால் காரணத்தைத் தேடாமல் பெரியதை மாட்டுகிறவர் தொழில் தெரியாதவர்.

எர்த் ஏன் தேவை, அது மட்டும் ஏன் போதாது என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கும். வாஷிங் மெஷினுக்குள் பேஸ் வயர் உரசி அதன் உலோக உடலில் மின்சாரம் ஏறிவிட்டது என்று கொள்ளலாம். எர்த் நன்றாக இருந்தால் மின்சாரம் அந்த வழியே மண்ணுக்குப் போகும். ஆனால் அந்த வழியின் மொத்த மின்தடை 10 ஓம் என்றால், 230-ஐப் பத்தால் வகுக்க வரும் 23 ஆம்பியர்தான் பாயும். 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது சாதாரணச் சுமை. அது விழவே விழாது. மெஷினின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். ஈரத் தரையில் நின்று அதைத் தொடுபவரின் உடல் வழியே சில பத்து மில்லி ஆம்பியர் பாய்ந்தால் போதும், இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும்.

ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் தடுப்பான் இந்த இடைவெளியை அடைக்கிறது. பேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது ஒவ்வொரு கணமும் ஒப்பிடுகிறது. திரும்பாத அளவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால், அதிகபட்சம் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். கசிவு பெரிதாக இருந்தால் இன்னும் விரைவாகத் துண்டிக்கும். தமிழ்நாட்டில் இதை ‘உயிர் காக்கும் சாதனம்’ என்று விளம்பரப்படுத்தும் மின்வாரியம் வீடுகளில் பொருத்த வலியுறுத்துகிறது. வீட்டுக்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்ற குறியீட்டைப் பார்க்க வேண்டும். 100, 300 என்று குறித்தவை வேறு பயன்பாட்டுக்கு உரியவை. இதற்கும் எல்லை உண்டு. ஒருவர் ஒரு கையால் பேஸையும் மறுகையால் நியூட்ரலையும் பிடித்தால், கசிவு எதுவும் இல்லாததால் ஆர்.சி.சி.பி. அசையாது. மிகைச் சுமையையும் அது கண்டுகொள்ளாது. ஆக எம்.சி.பி., எர்த், ஆர்.சி.சி.பி. மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாகாமல் சேர்ந்தே இருக்க வேண்டியவை.

விலைப் பேச்சு

வீட்டு வயரிங் கூலி பெரும்பாலும் பாயின்ட் கணக்கில் பேசப்படுகிறது. சிலர் சதுர அடிக் கணக்கில் பேசுவார்கள். எதை ஒரு பாயின்ட் என்று எண்ணுவது என்பதில்தான் பின்னால் தகராறு வரும். சுவிட்சும் விளக்கும் சேர்ந்து ஒரு பாயின்ட்டா, பவர் பிளக் இரண்டு பாயின்ட்டாகக் கணக்கிடப்படுமா, சுவரில் காடி வெட்டுவதும் அதைப் பூசுவதும் யார் பொறுப்பு, டிபி பாக்ஸ் பொருத்துவதும் எர்த் குழி எடுப்பதும் தனிக் கூலியா, மின்விசிறி மாட்டுவது இதில் சேருமா, இறுதிச் சோதனையும் மின்வாரியத்துக்கான அறிக்கையும் சேர்ந்த தொகையா ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்.

இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்பது நல்லது. அப்போது எல்லோருக்கும் ஒரே பாயின்ட் பட்டியலைக் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். ஒருவர் விலை மட்டும் மற்றவர்களைவிட மிகக் குறைவாக இருந்தால், பட்டியலில் எது விடுபட்டது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது எர்த்தாகவோ சோதனையாகவோ இருக்கும். பணத்தைக் கட்டம் கட்டமாகத் தருவது வழக்கம்: குழாய் பதித்து முடித்ததும் ஒரு பகுதி, வயர் இழுத்ததும் ஒரு பகுதி, சுவிட்ச், பிளக் மாட்டியதும் ஒரு பகுதி. கடைசித் தவணையைச் சோதனை முடிவுகள் கைக்கு வந்தபின் தர வேண்டும்.

வேலை நடக்கும்போது

சுவருக்குள் மறையப்போகும் எதையும் மறைவதற்கு முன் பார்க்க வேண்டும். பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் கைப்பேசியில் படம் எடுத்து, பக்கத்தில் அளவுநாடாவையும் வைத்துக்கொண்டால், பின்னாளில் ஆணி அடிக்கவும் துளையிடவும் அதுவே வரைபடமாகும். வயர் இணைப்புகள் ஜங்ஷன் பாக்ஸிலோ சுவிட்ச் பாக்ஸிலோதான் இருக்க வேண்டும். குழாய்க்குள் நடுவழியில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு நாளடைவில் தளர்ந்து சூடேறும்; அதைத் திறந்து பார்க்கவும் வழியிருக்காது. விளக்குச் சுற்றுகளும் பவர் சுற்றுகளும் வெவ்வேறு எம்.சி.பி.களில் பிரிந்திருக்க வேண்டும். நியூட்ரலில் ஃபியூஸோ தனிச் சுவிட்சோ கூடாது. மும்முனை வீட்டில் நியூட்ரல் மட்டும் அறுந்தால், முனைகளின் மின்னழுத்தம் ஏறுமாறாகி, ஒரு முனையில் அது 400 வோல்ட்டை நெருங்கலாம். ஃப்ரிட்ஜும் டிவியும் ஒரே நேரத்தில் புகைவது இதனால்தான்.

நடமாட்டம் உள்ள வீட்டில் வேலை நடந்தால், மெயினை அணைத்து, டிபி பாக்ஸில் அறிவிப்பு மாட்டி, வேறு யாரும் போட முடியாதபடி பார்த்துக்கொள்வது எலெக்ட்ரீஷியனின் கடமை. “ரெண்டு நிமிஷ வேலைதான்” என்று மின்சாரம் இருக்கும்போதே திறப்பவரைத் தடுப்பது வீட்டுக்காரரின் கடமை. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் சில வயர்களில் மின்சாரம் இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பழைய வீடுகள்

மரச்சட்டத்தின் மேல் ஓடும் வயர், பீங்கான் ஃபியூஸ் கேரியர், இரண்டு துளைப் பிளக் ஆகியவை உள்ள வீடுகளில் புதிய சாதனம் வாங்குவதற்கு முன் வயரிங்கை முழுமையாகச் சோதிப்பது நல்லது. முப்பது நாற்பது ஆண்டு கண்ட வயர் உறை வறண்டு, வளைத்தால் உதிரும். முன்பு இரும்புத் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்திய வீடுகள் உண்டு. அந்தக் குழாயைப் பின்னால் பிளாஸ்டிக்காக மாற்றிய நாளோடு எர்த்தும் போய்விட்டது; மூன்று துளைப் பிளக் மட்டும் சுவரில் இருக்கிறது. பிளக்கின் எர்த் துளையை நியூட்ரலோடு பிணைத்து ஒப்பேற்றுவதும் நடக்கிறது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் சாதனத்தின் உடலுக்கே மின்சாரம் ஏறும் என்பதால், இதைவிட ஆபத்தான ஒட்டுவேலை வேறில்லை.

பழைய வீட்டில் ஆர்.சி.சி.பி. மாட்டியதும் அது அடிக்கடி விழுவதுண்டு. ஒரு சுற்றின் பேஸ், இன்னொரு சுற்றின் நியூட்ரலில் திரும்புவது, இன்வெர்ட்டரின் நியூட்ரல் வீட்டு நியூட்ரலோடு கலந்திருப்பது, குளியலறைக் கீசரின் ஹீட்டரில் கசிவு என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. தகுதியானவர் சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பார். மற்றவர், “இது நம்ம வீட்டுக்கு செட் ஆகாது” என்று ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி வயரை நேராக இணைத்துவிட்டுப் போவார். மும்முனை வீடுகளில் ஒரு முனை போனால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் சேஞ்ச்ஓவர் சுவிட்சிலும் கவனம் வேண்டும். மூன்று முனைகளின் சுமையும் ஒரே முனையில் ஏறினால் அதன் வயர் தாங்குமா என்பதைக் கணக்கிட்ட பிறகே அதைப் பொருத்த வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொது மீட்டர் அறை, லிஃப்ட், ஜெனரேட்டர் ஆகியவற்றைத் தனி வீட்டுக்காரர் தொடக் கூடாது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கட்டடங்களின் மின்னமைப்புக்கு, மின்சாரம் தருவதற்கு முன்பே மின் ஆய்வுத் துறையின் ஒப்புதல் தேவை. வீட்டுக்குள் பெரிய சுமை சேர்க்கும் முன் குடியிருப்போர் சங்கத்துக்கும் தெரிவிப்பது முறை.

வேலையைச் சோதித்து வாங்குதல்

முதல் சோதனை காப்புத்தடை. எல்லாச் சாதனங்களையும் கழற்றி, மின்சாரம் இல்லாத நிலையில், 500 வோல்ட் மெக்கரால் வயர்களுக்கிடையிலும் வயருக்கும் எர்த்துக்கும் இடையிலும் அளக்க வேண்டும். குறைந்தது ஒரு மெகாஓம் இருக்க வேண்டும் என்பது நெடுங்கால அளவுகோல். புதிய வயரிங்கில் அதைவிடப் பல மடங்கு காட்டும். அளவு குறைந்தால், குழாய்க்குள் இழுக்கும்போது எங்கோ உறை கிழிந்திருக்கிறது அல்லது ஈரம் புகுந்திருக்கிறது.

இரண்டாவது, எர்த்தின் தொடர்ச்சி. ஒவ்வொரு பிளக்கின் எர்த் துளையிலிருந்தும் டிபி பாக்ஸின் எர்த் பட்டை வரை இணைப்பு அறுபடாமல் இருப்பதை மல்டிமீட்டரால் பார்க்கலாம். எர்த் குழியின் மின்தடையை அதற்குரிய கருவியால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மண்ணின் ஈரம் குறையும் கோடையில் அது உயரும் என்பதால், அந்தப் பருவத்தில் மறுபடி பார்ப்பது பயன்தரும். மூன்றாவது, பேஸ், நியூட்ரல் இடம். பிளக்கை முன்னால் நின்று பார்க்கையில் எர்த் துளை மேலே இருந்தால் வலது துளையில் பேஸ், இடது துளையில் நியூட்ரல் வர வேண்டும். ஒவ்வொரு சுவிட்சும் பேஸைத் துண்டிக்க வேண்டும். நான்காவது, ஆர்.சி.சி.பி. அதன் ‘டி’ பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். இந்தச் சோதனையை வீட்டுக்காரரே மாதம் ஒருமுறை செய்யலாம்.

இறுதியில், டிபி பாக்ஸில் எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். புதிய மின்னிணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் பணி நிறைவு, சோதனை அறிக்கை தேவைப்படும். அதில் நிரப்பிய எண்கள் உண்மையில் அளந்தவையா என்று அறிய எளிய வழி, அளக்கும்போது அருகில் நிற்பதுதான். இணைப்பு ஏற்கெனவே உள்ள வீட்டில் செய்யும் மறுவயரிங்குக்கும் இதேபோன்ற அறிக்கையைக் கேட்டு வாங்கலாம்.

வேலைக்குப் பின்

சோதனை அறிக்கை, பாயின்ட் வரைபடம், பூசும் முன் எடுத்த படங்கள், பொருள்களின் பில், எலெக்ட்ரீஷியனின் சான்று எண் ஆகியவற்றை வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைக்க வேண்டும். அடுத்து வரும் எலெக்ட்ரீஷியனுக்கு வேலை எளிதாகும். கோளாறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதும் தெரியும். பணம் பெற்றுச் செய்த பணியில் குறைபாடு இருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அங்கேயும் எழுத்துவழி ஒப்பந்தமும் ரசீதும்தான் பேசும். உரிமத்தைத் தவறாகப் பயன்படுத்துபவர் மீது உரிமம் வழங்கும் வாரியத்திடம் புகார் தரலாம். மீட்டருக்கு முன்னுள்ள பகுதியில் கோளாறு என்றால், மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைக்கலாம்.

பிளக் சூடாவது, சுவிட்சில் படபடவென்று ஒலி கேட்பது, கருகிய வாடை, குழாயைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிப்பது, ஒரு சாதனத்தைப் போட்டதும் விளக்குகள் மங்குவது ஆகியவை எலெக்ட்ரீஷியனைத் தள்ளிப்போடாமல் அழைக்க வேண்டிய அறிகுறிகள். அவர் வரும்வரை அந்தச் சுற்றின் எம்.சி.பி.யை அணைத்தே வைத்திருக்க வேண்டும். யாருக்காவது ஷாக் அடித்து அவர் ஒட்டிக்கொண்டிருந்தால், கையால் தொட்டு இழுக்காமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும். அதனால் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எப்படி அணைப்பது என்பதை வேலை முடியும் நாளில் எலெக்ட்ரீஷியன் வீட்டிலுள்ள எல்லோருக்கும் காட்டித் தர வேண்டும்.